ஏழாம் அறை நாற்காலி

உட்கார ஆசைப்படுவது குற்றமா என்று என்னைக் கேட்டால், இடத்தைப் பொறுத்தது என்பேன். பேருந்தில் ஆசைப்படலாம், வங்கியில் ஆசைப்படலாம், மாமனார் வீட்டில்கூட ஆசைப்படலாம். கலைக்கூடத்தில் மட்டும் ஆசைப்படக் கூடாது. எங்கள் மேல்வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். அதற்காக அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அவருக்குத் திரைச்சீலைக் கடையில் விற்பனையாளர் வேலை. கட்டடம் முழுக்க அவரைக் கர்ட்டன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கடை முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. விற்பவன் உட்கார்ந்தால் வாங்க வந்தவருக்கும் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தவர் யோசிப்பார், யோசித்தவர் வாங்கமாட்டார். ஆகவே கடையில் நாற்காலியே கிடையாது. முதலாளிக்கு மட்டும் ஒன்று உண்டு, அவர் யோசிக்க வேண்டியவர். மீசை முளைத்த புதிதில் அங்கே நிற்க ஆரம்பித்த அண்ணன், மீசை நரைத்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். வலது முட்டி தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுகிற நிலைக்கு வந்துவிட்டது.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. சாயங்காலம் ஏறி வரும்போது என் வாசலோரம் சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்குவார். கதவைத் திறந்தால், "ஒண்ணுமில்ல தம்பி, காத்து வாங்கறேன்" என்பார். காற்று எட்டிக்கூடப் பார்க்காத மாடிப்படி அது.

அரசு மருத்துவமனையில் முட்டி ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்து, காத்திருந்து காத்திருந்து, ஒருவழியாகத் தேதி கிடைத்தது. தவறவிட்டால் மறுபடி வரிசையின் வால் பக்கம் போய் நிற்க வேண்டும். நிற்பதைப் பற்றி அண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்தான். ஆனால் இன்னொரு முறை காத்திருந்தால் நடையே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தேதி கிடைத்த அதே வாரம், பேருந்து நிறுத்தத்தில் அவரை மழை பிடித்துக்கொண்டது. எதிரே அரசின் கருத்துக்கலைக் கூடம், பொருளைவிட எண்ணமே கலை என்கிற இடம். இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு பெஞ்சாவது இருக்காதா என்று சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பெஞ்சுகள் முன்பு இருந்தனவாம். வந்தவர்கள் எல்லாரும் படைப்புகளை விட்டுவிட்டுப் பெஞ்சுகளையே நாடியதால், படைப்புகளின் மனம் நோகக் கூடாது என்று எடுத்துவிட்டார்களாம். முதல் அறையில் ஒரு வாளி இருந்தது. இரண்டாம் அறையில் அந்த வாளி இல்லாத இடம் இருந்தது. மூன்றாம் அறை வாசலில் 'பராமரிப்பில் உள்ளது' என்று ஒரு பலகை. அதுவும் படைப்பா என்று கேட்க அண்ணனுக்குத் துணிச்சல் வரவில்லை. இப்படியே நொண்டி நொண்டி ஏழாம் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஏழாம் அறையில் ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, சுவரில் நான்கு வரி: 'இங்குள்ள படைப்பைக் கலைஞர் செய்யவில்லை. அது உங்கள் கற்பனையில் மட்டுமே இருக்கிறது. அமைதி காக்கவும். தொடாதீர்கள்.'

அண்ணன் அந்த வெறும் அறையைப் பார்த்தார். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. அப்போது, கையில் ஒரு கணினிப் பலகையோடு ஒரு பெண் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பார்வையாளர் அனுபவ அலுவலராம்.

"சார், இந்த அறையில என்ன பார்த்தீங்க?"

அவள் திரையில் வெறுமை, எல்லையின்மை, தொலைந்துபோன பால்யம், மற்றவை என்று நான்கு கட்டங்கள் இருந்தன. எல்லாரும் முதல் மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு, பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்கள்.

"நாற்காலிம்மா" என்றார் அண்ணன்.

'மற்றவை' கட்டத்தை அதுவரை யாரும் தொட்டதில்லையாம். "எந்த மாதிரி நாற்காலி?" என்று கேட்டாள்.

இதை ஒரு விற்பனையாளரிடம் கேட்கலாமா? "நினைச்சுப் பாருங்கம்மா, இந்தத் துணி உங்க ஜன்னல்ல தொங்கினா காலை வெயில் எப்படி விழும்" என்று காலமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. "நல்ல தேக்கும்மா. பழசு, கறுத்துப்போன பழுப்பு. ரெண்டு பக்கமும் கைப்பிடி, கை பட்டுப் பட்டு வழவழன்னு இருக்கு. பிரம்பு பின்னின இருக்கை, நடுவுல கொஞ்சம் தொய்ஞ்சிருக்கும், உட்கார்ந்தா ஆளை அப்படியே வாங்கிக்கும். பின்கால் ஒண்ணுதான் குட்டை. ஆடாம இருக்கக் கீழ காகிதம் மடிச்சு வச்சிருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லும்மா, இடிச்சுக்கப் போற."

அவள் தள்ளி நின்றாள். தள்ளி நின்றதைக் கூடம் பின்னால் நடத்திய விசாரணையில் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

சற்று நேரத்தில் கூடத்தின் இயக்குநர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் சட்ட ஆலோசகர் நடந்து வந்தார், சட்டம் ஓடுவதில்லை. இயக்குநர் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த அறையைத் திறந்து எவ்வளவு காலமாச்சு தெரியுமா ஐயா? பேராசிரியருங்க வந்திருக்காங்க, தூதருங்க வந்திருக்காங்க. கண்ணீர் விட்டு அழுதவங்க இருக்காங்க. ஒருத்தராவது எதையாவது பார்த்திருப்பாங்களா? கிடையாது. அவ்வளவு பண்பட்ட பார்வையாளருங்க. நானே தினமும் வந்து நிக்கறேன், இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரிஞ்சதில்ல. நீங்க மழைக்கு ஒதுங்கினவர், வந்த வேகத்துல பார்த்துட்டீங்களே!"

"தப்புங்களா சார்?"

"தப்பில்ல. வரலாறு."

சட்ட ஆலோசகர் அண்ணனின் சட்டைப் பையில் இருந்த நுழைவுச்சீட்டை இரண்டு விரலால் எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். வளாகத்துக்குள் கற்பனை செய்யப்படும் யாவும் கூடத்தின் உடைமை என்று எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது. "ஆக, நாற்காலி எங்களோடது. இப்போதைக்கு உங்க மண்டையில இருக்கு."

"அதுக்கென்ன சார், எடுத்துக்கங்க."

"எடுக்கறதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கல."

"அப்ப நான் மறந்துடறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொதுச் சொத்தை அழிச்சுடுவேன்னு என் முன்னாடியே சொல்றீங்க" என்றார் சட்ட ஆலோசகர். "கோபத்துல சொன்னதா எழுதிக்கறேன்."

உட்கார இடம் தேடிப் போனவர், தேசிய உடைமைக்கு வைப்பிடமாகி வீடு வந்து சேர்ந்தார். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை என்பார்களே, இவருக்குத் தலைவலியும் போகவில்லை.

அதிலிருந்து வாரம் தவறாமல் கூடத்தின் கலைப்பொருள் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வெள்ளைக் கையுறை போட்ட, பூனை போல மெதுவாகப் பேசுகிற மனிதர். முதல் நாளே வீட்டில் இருந்த நாற்காலிகளை எல்லாம் துணியால் மூடி, நாடா ஒட்டி முத்திரை வைத்துவிட்டார். அண்ணன் அவற்றில் உட்கார்ந்தால் அந்த நாற்காலிகளின் சாயல் உள்ளே இருக்கும் நாற்காலியில் ஏறிவிடுமாம். வெயிலில் நடக்கக் கூடாது, நிறம் போய்விடும். தும்மல் வந்தால் மெதுவாகத் தும்ம வேண்டும்.

"நாற்காலி நல்லா இருக்கா?" என்று கேட்பார், நோயாளியை விசாரிக்கிற குரலில்.

"இருக்குங்க."

"கடைசியா எப்ப நினைச்சீங்க?"

"நீங்க கதவைத் தட்டினப்ப."

"அடிக்கடி நினைக்காதீங்க, தேய்ஞ்சுடும். நினைக்காமலும் இருந்துடாதீங்க, பூஞ்சை பிடிச்சுடும்."

அண்ணனின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒருநாள் அக்கா பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். "ஏங்க, வர்றப்ப பால் வாங்கிட்டு வாங்கன்னா, படி இறங்கறதுக்குள்ள மறந்துடற மண்டைங்க இது. இதுலயா கொண்டுவந்து உங்க பொக்கிஷத்தை வச்சிருக்கீங்க?"

நிபுணர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். வைப்பிடத்தில் வேறு பொருட்களின் நெருக்கடி இல்லை என்று அறிக்கையில் எழுதினாராம்.

இதுவரைக்கும் எல்லாவற்றையும் அண்ணன் சிரித்துக்கொண்டே பொறுத்தார். அவர் சுபாவம் அப்படி. ஒரு மீட்டர் துணி வாங்க வந்து ஒன்பது சுருளைப் பிரிக்கச் சொல்கிறவர்களிடமும் முகம் சுளிக்காதவர். ஆனால் நிபுணர் ஒருநாள் மேசைமேல் இருந்த மருத்துவமனைச் சீட்டைப் பார்த்துவிட்டார். "மயக்க மருந்தா?" என்று கேட்டபோது அவர் கையுறையே வெளுத்துப்போனது போல இருந்தது என்று அக்கா சொன்னார்.

கூடத்திலிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் பறந்தது. நோயாளியின் உள்ளே விலைமதிக்க முடியாத படைப்பு ஒன்று இருப்பதாகவும், அதற்குச் சேதம் வந்தால் மருத்துவமனையே பொறுப்பு என்றும் எழுதியிருந்தார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் சிரித்துவிட்டார். "நான் திறக்கப்போறது முட்டியை. மண்டையை இல்ல" என்றார். ஆனால் மருத்துவமனை நிர்வாகி சிரிக்கிற சாதி இல்லை. தலைப்பில் முத்திரை போட்ட எந்தக் கடிதத்தைக் கண்டாலும் எழுந்து நிற்கிறவர். ஆட்சேபணை இல்லை என்று கூடத்திலிருந்து என்.ஓ.சி. வாங்கி வராவிட்டால் தேதியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அண்ணனும் அக்காவும் இயக்குநரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் அறையில் அவருக்கு ஒரு தோல் நாற்காலி இருந்தது, வருகிறவர்களுக்கு இல்லை. அவர் கண் கலங்கியபடி பேசினார்.

"உங்க வலி எனக்குப் புரியுது ஐயா. புரியறதாலதான் மறுக்கறேன். யோசிச்சுப் பாருங்க, அந்த நாற்காலி எங்கேர்ந்து வந்துச்சு? உங்க முட்டியிலேர்ந்து. முட்டி சரியாயிடுச்சுன்னா உட்காரணும்ங்கற ஏக்கம் போயிடும். ஏக்கம் போயிடுச்சுன்னா நாற்காலி எதுமேல நிக்கும்? ஓவியத்துக்குக் கேன்வாஸ் எப்படியோ, இந்தப் படைப்புக்கு உங்க வலி அப்படி. வலிதான் மூலப்பொருள். கேன்வாஸைக் கிழிச்சுத் தைக்க எந்தக் கூடமாவது அனுமதிக்குமா?"

"எனக்கு வலிக்குதே சார்."

"அதுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. படைப்பு பொதுமக்களுக்குச் சொந்தம், அதை வீட்டில் பூட்டி வைக்கலாமா என்று யாரோ பத்திரிகையில் எழுதினார்கள். உடனே அண்ணனை ஏழாம் அறையில் காட்சிக்கு வைக்க முடிவு செய்தார்கள். கர்ட்டன் கடை முதலாளி மகிழ்ச்சியோடு ஆளை அனுப்பிவிட்டு, 'நாற்காலி கண்ட விற்பனையாளர் இக்கடையைச் சேர்ந்தவர்' என்று வாசலில் பலகை மாட்டிக்கொண்டார். கூடம் திறந்ததிலிருந்து மூடும் வரை அண்ணன் அந்த வெறும் அறையில் நிற்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு நாற்காலியை வருணிக்க வேண்டும்.

ஆமாம், நிற்க வேண்டும். அக்கா ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டுபோனார். வாசல் காவலர் பிடுங்கி வைத்துக்கொண்டார். "உள்ள அசல் நாற்காலி இருக்கும்மா. இதையும் பக்கத்துல போட்டா பார்க்கிறவங்க குழம்பிடுவாங்க. ரெண்டாவது இருக்கை அனுமதி கிடையாது" என்றார். நாற்காலியை நினைத்த ஒரே காரணத்துக்காக, நாற்காலியே கண்ணில் படாத இடத்தில் ஒரு மனிதனை நிற்க வைத்தார்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிகிறது.

ஜனம் கூட்டம் கூட்டமாக வந்தது. ஒரு விமரிசகர் குட்டையான பின்காலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நம் காலத்தின் சாய்வு அது என்றார். கீழே வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். "மடிச்சிருக்குங்க, தெரியல" என்றார் அண்ணன், நேர்மையாக. அந்தப் பதில் மறுநாள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. ஒரு வயதான அம்மாள் மட்டும், "பாவம், நீயே அதுல கொஞ்ச நேரம் உட்காரேன்பா" என்றார். இன்னொரு நாள் அண்ணன் பார்வையாளர் வசதிக்காக நாற்காலியைக் கொஞ்சம் வாசல் பக்கம் நகர்த்தி நினைத்து வருணித்தார். அன்று சாயங்காலமே, அனுமதியில்லாமல் காட்சிப்பொருளை இடம் மாற்றியதற்காக விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்தது.

அவர் இப்போது என் வாசலில் மூச்சு வாங்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. ஒருநாள் கதவைத் திறந்தபோது படியிலேயே உட்கார்ந்திருந்தார். "இந்தத் தேதியும் போச்சுன்னா அவ்வளவுதான் தம்பி. மேல ஏறினா இறங்க மாட்டேன், இறங்கினா ஏற மாட்டேன்" என்றார். காற்று வாங்குவதாகச் சொல்லவில்லை.

அக்காவுக்கு வேலை குடிநீர் வாரியத்தில், தொலைபேசியில் புகார் கேட்பது. தண்ணீர் வராதவர்கள் எல்லாம் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவதுபோலத் திட்டுவார்கள்; அக்கா அதே இதமான குரலில், "சொல்லுங்க சார், கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பார். அன்று ராச்சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இவங்களோட நியாயம் பேசி ஜெயிக்க முடியாது தம்பி. எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. புகாரைத் தீர்க்கறதே கிடையாது. ஆனா எங்க மேசையிலும் வச்சுக்கறது கிடையாது. 'இது உங்க பகுதியில வருது'ன்னு இன்னொரு மேசைக்குத் தள்ளிவிட்டுடுவோம். அவங்க 'வந்து சேர்ந்துது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், எங்களைப் பொறுத்தவரைக்கும் தீர்ந்துது. இந்த நாற்காலியும் புகார் மாதிரிதான்."

மறுநாள் அக்கா சட்ட ஆலோசகரைப் பார்த்து, இந்தப் படைப்பை வேறு ஆளுக்கு மாற்ற விதி இருக்கிறதா என்று கேட்டார். விதி இருந்தது. இன்னொருவர் அதே நாற்காலியைப் பார்த்து, பார்த்ததைச் சாட்சிகள் முன்னால் ஒப்புக்கொண்டால், பொறுப்பு அவருக்குப் போய்விடும். "ஆனா நடக்காதும்மா" என்றார் அவர் பெருமையாக. "வெளியாளுக்கு மாத்த எங்களுக்கு இஷ்டமில்ல. எங்க ஆளுங்க யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த அளவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கோம்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஏழாம் அறையை முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கும் விழா வைத்தார்கள். கூட்டம் குறைவாகத் தெரியக் கூடாது என்று குடும்பத்தோடு என்னையும் அழைத்திருந்தார்கள். உப்புக்குச் சப்பாணியாக நானும் போய் நின்றேன். எல்லாரும் நின்றார்கள். இரண்டாவது இருக்கை அனுமதி இல்லை என்ற விதி அதிகாரிகளுக்கும் பொருந்தும் என்று இயக்குநரே கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தாராம். வரவேண்டிய துறைச் செயலர் வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று செய்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இயக்குநர் புது ஷூ போட்டிருந்தார். செயலர் வரும்வரை நேரத்தை ஓட்ட வேண்டுமே, பேசினார். "இல்லாததைக் காப்பாத்தறதுதான் இந்தக் கூடத்தோட பணி. இருக்கறதை யார் வேணும்னாலும் காப்பாத்தலாம். அதுக்குப் பூட்டு போதும், சாவி போதும். இல்லாததைக் காப்பாத்த எவ்வளவு ஊழியர் வேணும் தெரியுமா? எவ்வளவு வாகனம், எவ்வளவு வெளிநாட்டுப் பயணம்!" என்றார். கை தட்டினார்கள். கலையின் தியாகத்தைப் பற்றிப் பேசினார். தியாகம் என்ற சொல் வந்த போதெல்லாம் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். தியாகமும் தீர்ந்துபோனது. செயலர் வரவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்போது வைப்பிடத்தின் துணைவியார் சில வார்த்தைகள்" என்றார்.

அக்கா முன்னால் வந்தார். ஒலிபெருக்கி வேண்டாம் என்று தள்ளி வைத்தார். தண்ணீர் வராத ஊரையே தூங்க வைக்கிற அந்தக் குரலில் இயக்குநரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர் இந்த நாற்காலியைத் தினமும் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். பாவம், சாரும் ரொம்ப நேரமா நிக்கறீங்க. ஷூ கடிக்குது போல இருக்கே சார். குதிகால்லதானே?"

"ஆமாம்" என்றார் இயக்குநர், தன்னை அறியாமல்.

"புதுசுன்னா அப்படித்தான். குதிகால்ல ஆரம்பிச்சு, கெண்டைக்கால்ல ஏறி, இடுப்புல வந்து பிடிக்கும். அந்த நேரத்துல ஒரு நாற்காலி இருந்தா எப்படி இருக்கும்? இரும்பு இல்ல, பிளாஸ்டிக் இல்ல. தேக்கு. கை வச்சா சில்லுன்னு இருக்கும். வழவழன்னு கைப்பிடி, உள்ளங்கைக்குன்னே செஞ்ச மாதிரி. பிரம்பு இருக்கை, காத்தோட்டமா. உட்கார்ந்தீங்கன்னா லேசா ஒரு முனகல் முனகும், வா வான்னு. முதுகைச் சாய்ச்சா இடுப்பு வலி அப்படியே இறங்கும். ஷூவைக் கழட்டிக்கலாம். காலை நீட்டிக்கலாம். யாரும் உங்களைப் பேசச் சொல்ல மாட்டாங்க. செயலர் வந்தா வரட்டும். கண்ணை மூடிக்கங்க சார், ரெண்டு நிமிஷம்..."

எனக்கே கால் துவண்டது. பக்கத்தில் நின்ற விமரிசகர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இயக்குநரின் கண் மூடியது. அவருடைய வலது கை மெதுவாகப் பின்னால் போய், காற்றில் எதையோ தடவி, பிடித்துக்கொண்டது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி பரவியது. பிறகு அவர் முழு நம்பிக்கையோடு உட்கார்ந்தார்.

தொப்பென்று விழுந்த சத்தம் ஆறாம் அறை வரை கேட்டதாம். மல்லாந்து கிடந்தபடி இயக்குநர் கத்தினார். "பின்கால் குட்டைன்னு தெரியும்ல! அந்தக் காகிதத்தை எவன் எடுத்தான்?"

சட்ட ஆலோசகர் மட்டும் குனிந்து, மரியாதையாகக் கேட்டார். "ஐயா, இப்ப எதுல உட்கார்ந்தீங்க?"

இயக்குநர் கணக்குப் போட்டார். ஒன்றிலும் உட்காரவில்லை என்றால், அங்கே ஒன்றும் இல்லை என்றாகிவிடும். ஏழாம் அறை போய்விடும், அதற்கான ஊழியர் போய்விடுவார்கள், வாகனமும் பயணமும் போய்விடும். நாற்காலி உடைந்துவிட்டது என்றால், நாட்டின் உடைமையைத் தன் பின்புறத்தால் அழித்தவர் என்ற பெயர் வரும். நீண்ட நேரம் யோசித்தார். உட்கார்ந்தவர் யோசிப்பார் என்று கர்ட்டன் கடை முதலாளி சொன்னது உண்மைதான்.

"நாற்காலியிலதான்" என்றார் கடைசியில்.

"உடைஞ்சுடுச்சா?"

"உடையல. சரிஞ்சுடுச்சு."

"இப்ப எங்க இருக்கு?"

இயக்குநர் மிகுந்த சிரமத்தோடு கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். சாட்சிகளாகக் கூடமே நின்றது. அக்கா கைப்பையிலிருந்து என்.ஓ.சி.யை எடுத்துப் பேனாவோடு நீட்டினார். "சார், அப்ப வந்து சேர்ந்துடுச்சுதானே? இங்க ஒரு கையெழுத்து." எழுந்திருக்க முடியாததால் தரையில் படுத்தபடியே போட்டார்.

இடுப்பில் நல்ல அடி. வலி தாங்காமல் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். டாக்டர் வந்து ஊசியை எடுத்தபோது பாதுகாப்பு நிபுணர் வெள்ளைக் கையுறையோடு குறுக்கே நின்றுவிட்டார். "மன்னிக்கணும் ஐயா. வலிதான் மூலப்பொருள். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட விதி" என்றார் பூனைக் குரலில். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். தாங்கிப் பிடித்து எழுப்பினார்கள். அவருடைய வெளிநாட்டுப் பயணங்கள் அன்றே ரத்தாயின. இப்போது காலை முதல் மாலை வரை ஏழாம் அறையில் ஒரு கைத்தடியோடு நிற்கிறார், நாற்காலியை வருணிக்கிறார். அண்ணன் சொன்ன அளவுக்கு நன்றாக இல்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மறுநாள் காலையில் அண்ணனைப் பச்சைத் துணி போர்த்தி ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரை அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உள்ளே நடந்ததை அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். அப்போது என் வாசலைத் தாண்டி, சுவரைத் தொடாமல், மேலே ஏறிக்கொண்டிருந்தவர், எனக்காகத் திரும்பி இறங்கி வந்து சொன்னார்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் சின்ன வயதுப் பெண். "பயப்படாதீங்க ஐயா. இப்ப ஊசி போடறேன். தூக்கம் வர்ற வரைக்கும் மனசுக்குப் பிடிச்சதா எதையாவது நினைச்சுக்கங்க" என்றாராம்.

அண்ணன் பதறிப்போய்த் தலையைத் தூக்கினாராம். "நினைக்கலாமாங்க?"

"தாராளமா நினைங்க."

"இங்க வச்சு நினைச்சா... அது யாருக்குச் சொந்தம்?"

டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாராம். "இதென்ன கேள்வி? உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

அத்தனை நாள் வலிக்கும் அழாத மனிதருக்கு அப்போது பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டதாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நினைத்தாராம். என்ன நினைத்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.